புகை எங்கே போய் விழுகிறது?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நிலக்கரி அனல் மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். அதற்குள் அடங்க இரண்டு வருடம் தவணை கொடுத்து, பிறகு தவணைக்கு மேல் தவணையாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் இந்த அறிவிக்கை நிலையங்களை மூன்றாகப் பிரித்தது. தில்லி வட்டாரம், பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்கள் இவற்றிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை வரம்பைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். காற்று ஏற்கெனவே கெட்டுப்போன பகுதிகளுக்கு அருகில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வார்கள். மீதமுள்ளவைதான் பெரும்பான்மை. அவற்றுக்கு விலக்கு. ஒரே நிபந்தனை, புகைபோக்கி விதிப்படி உயரமாக இருக்க வேண்டும்.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எந்த அறிவிக்கையிலும் நிபந்தனைதான் முதலில் கண்ணில் படும். வாயுவைக் குறைக்க வேண்டாம், உயரத்தில் விட்டால் போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அதில் நான் படித்த பிரெஞ்சுக்காரர் சரித்திரமும் கொஞ்சம் கலந்திருப்பதால் எழுதத் தோன்றியது.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு நெப்போலியன் நடத்திய போர்களெல்லாம் மனப்பாடம். அவர் 1810 அக்டோபர் 15 அன்று போட்ட ஓர் ஆணையைப் பற்றி மட்டும் எந்த முசேயும் வகுப்பில் சொன்னதில்லை. உடல்நலத்தைக் கெடுக்கும் வாடை, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் வாடை வீசும் தொழிற்கூடங்களை அனுமதியில்லாமல் நடத்தக்கூடாது என்பது அந்த ஆணை. தொழில்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பு குடியிருப்புகளை விட்டு விலகியே இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு, தொல்லை வராது என்று உறுதியானால் ஊருக்கு அருகில் இருக்கலாம். மூன்றாம் வகுப்பு வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், கண்காணிப்பு மட்டும் உண்டு. முதல் வகுப்பு ஆலைக்கு மனுப் போட்டால், சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள எல்லா ஊர்களிலும் அதை அறிவிப்பாக ஒட்ட வேண்டும்.

ஆட்சேபணை இருந்தால் ஊர்க்காரர்கள் சொல்லலாம். காற்று மாசுக்காக ஒரு நாடு முழுவதற்கும் போட்ட முதல் சட்டங்களில் இதுவும் ஒன்று. அன்றைக்கு அளவுகோல் மனிதனின் மூக்குதான். மூக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

காற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் முதலில் யுத்தத்தால் வந்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் படை வரிசை அதில் சிதறியது. வாயு காற்றோடுதான் போகும், காற்று திரும்பினால் விட்டவன் பக்கமே வரும். அதனால் எவ்வளவு விட்டால் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அடர்த்தி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1916-இல் இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில் இதற்கென ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அங்கே வேலை பார்த்த சட்டன் என்பவர் 1932-இல் காற்றில் வாயு கலைவதற்கு ஒரு கணிதக் கோட்பாடு எழுதினார். இன்று ஆலைப் புகையைக் கணிக்கும் மென்பொருள்களின் மூலவேர் அங்கே இருக்கிறது.

இதற்கிடையே 1930 டிசம்பர் முதல் வாரத்தில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு விபரீதம் நடந்தது. உய் நகருக்கும் லியேஜ் நகருக்கும் நடுவே, இரு பக்கமும் மேடான அந்தப் பள்ளத்தாக்கில் ஆலைகள் நெருக்கமாக இருந்தன. மூடுபனி இறங்கியது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ள, கீழே இருந்த குளிர்ந்த காற்றும் ஆலைப் புகையும் நாட்கணக்கில் நகரவில்லை. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மூச்சு முட்டி இறந்தார்கள். காரணத்தை ஆராய்ந்த நிபுணர்களில் ஒருவர் லியேஜ் பேராசிரியர் ஃபிர்கே. அவர் 1936-இல் வெளியான கட்டுரையில் ஒரு விகிதக் கணக்கைச் சேர்த்திருந்தார். இதே நிலைமை லண்டனுக்கு வந்தால் 3,200 பேர் திடீரென்று சாக நேரலாம் என்றார்.

லண்டனில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அதே மாதிரி மூடுபனி லண்டனில் இறங்கியது. அப்போது போட்ட கணக்குப்படி ஏறக்குறைய 4,000 பேர் மாண்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பேராசிரியரின் எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது வருடம்.

இனி கணக்கு எப்படி என்று பார்ப்போம். போகிப் பண்டிகை அன்று விடியற்காலையில் கொளுத்தும் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவை விட்டு நகராமல் கண்ணை எரிக்கும். வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலும் கீழும் புரள ஆரம்பித்ததும் கலைந்துவிடும். அதே குப்பை, அதே நெருப்பு, காற்றின் குணம்தான் வேறு. 1961-இல் பாஸ்கில் என்ற ஆங்கிலேய வானிலை அறிஞர் இந்தக் குணத்தை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்து வெளியிட்டார். பெரிய கருவிகள் வேண்டாம். காற்றின் வேகம், பகலானால் வெயிலின் கடுமை, இரவானால் மேகத்தின் அளவு, இவை தெரிந்தால் வகையைச் சொல்லிவிடலாம். ஏ வகையில் புகை சீக்கிரம் கலையும், எஃப் வகையில் கலையவே கலையாது. ஒவ்வொரு வகைக்கும் புகை பக்கவாட்டிலும் மேலும் கீழும் எவ்வளவு விரியும் என்று அட்டவணை உண்டு. நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெலிந்தும், மணியைக் கவிழ்த்த வடிவத்தில் புகை விரிவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

முதலில் இதைக் காகிதத்திலும் அட்டவணையிலும் செய்தார்கள். 1970-களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணினி நிரல்களாக்கி வெளியிட்டது. 2005 டிசம்பரில் அந்த முகமை ‘ஏர்மாட்’ என்ற மென்பொருளை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆறு வகைப் பெட்டிகளை விட்டுவிட்டு, தரையின் சூடு, காற்றுப் புரட்டு இவற்றிலிருந்து நேரடியாகக் கணக்கிடுவது அது. நம் நாட்டு ஆலைகளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இந்தக் கணிதத்திலிருந்து ஒரு வசதியான விடை கிடைத்தது. புகைபோக்கியின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால், தரையில் விழும் உச்ச அளவு ஏறத்தாழ கால் பங்காகிவிடும். புகையைக் கழுவுவது செலவு, தண்ணீர், கழிவு என்று ஆயிரம் தொல்லை. செங்கல்லும் கான்கிரீட்டும் சுலபம். இங்கிலாந்தில் டிராக்ஸ் மின் நிலையத்தில் 259 மீட்டர், கனடாவில் சட்பரி நிக்கல் ஆலையில் 1972-இல் 381 மீட்டர் என்று போட்டி போட்டுக்கொண்டு உயர்த்தினார்கள். சுற்றுவட்டார ஊர்களில் காற்று உண்மையிலேயே சுத்தமானது. அதில் சந்தேகமில்லை.

மேலே போன கந்தகம் மட்டும் மறைந்துவிடவில்லை. காற்றில் நாட்கணக்கில் மிதந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, அமிலமாக மாறி மழையோடு இறங்கியது. 1967-இல் சுவீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே ஊடேன் அதைப் பற்றி ஒரு செய்தித்தாளில் எழுதினார். ஸ்காண்டிநேவியா ஏரிகளில் மீன்கள் அழிந்தது அயல்நாட்டுப் புகைபோக்கிகளால்தான் என்ற வாதம் 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு வரை போனது. 1979-இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி ஐரோப்பிய நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1985-இல் கந்தகத்தை முப்பது சதவீதம் குறைக்க ஹெல்சிங்கியில் உடன்பாடு வந்தபோது பிரிட்டன் கையெழுத்திடவில்லை. அமெரிக்கர்கள் 1977-லேயே ஒரு திருத்தம் செய்துவிட்டார்கள். நல்ல பொறியியல் முறைக்கு வேண்டிய உயரத்துக்கு மேல் எவ்வளவு கட்டினாலும், அந்தக் கூடுதல் உயரத்தைக் காட்டி வாயுவைக் குறைக்காமல் தப்பிக்க முடியாது என்றார்கள்.

ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. நம்முடைய 1981-ஆம் வருடத்துக் காற்றுச் சட்டத்தின் முகவுரையைப் படித்துப் பாருங்கள். 1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் எடுத்த முடிவுகளை நிறைவேற்றவே இந்தச் சட்டம் என்று எழுதியிருக்கும். ஆனால் நம் விதிகளில் உயரத்துக்கான சூத்திரமும் இருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறதோ, அந்த எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14-ஆல் பெருக்கினால் புகைபோக்கியின் உயரம் மீட்டரில் வரும். 1,000 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 111 மீட்டர். 2,000 கிலோவுக்கு 137 மீட்டர். வாயு இரண்டு மடங்கானாலும் உயரம் கால் பங்கு கூட ஏற வேண்டியதில்லை. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் என்று தனியே விதித்திருக்கிறார்கள்.

2025 அறிவிக்கைக்கு ஆதரவாகச் சொல்பவர்களிடமும் நியாயம் உண்டு. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம், அது மின் கட்டணத்தில் ஏறும், கண்காணிப்பு நிலையங்களில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். கடைசி வாதத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் குறைவாக இருப்பது உயரமான புகைபோக்கியின் வேலை. தூரத்தில் அந்த வாயு நுண்துகளாக மாறி வேறு ஊர்க்காரர் நுரையீரலில் போகும்போது அதற்குக் கந்தக டை ஆக்சைடு என்ற பெயர் இருக்காது. ஸ்வீடன்காரர்கள் ஐம்பது வருடத்துக்கு முன் சொன்ன புகாரும் இதேதான்.

புதிய ஆலைக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற வழக்கம் நம் நாட்டில் 1997-இல் வந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் அறிக்கையின் காற்று அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்ண வண்ண வளையங்கள் போட்ட வரைபடத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். நாலு கேள்வி போதும். காற்றுக் கணக்கு எந்த ஊரில் எடுத்தது, எந்தெந்த மாதங்களில்? புகை தங்கும் பனிக்கால விடியற்காலை அதில் சேர்ந்திருக்கிறதா? பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆலைகளின் புகையையும் கூட்டினார்களா? வழக்கமாகப் பார்க்கும் பத்து கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டி என்ன விழும் என்று பார்த்தார்களா? மென்பொருள் நாம் கொடுத்ததை வைத்துத்தான் விடை சொல்லும். கேட்ட கேள்வியும் வந்த பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுத்தில் ஏறியதா என்று உறுதி செய்துகொண்டு எழுந்து வாருங்கள். எழுத்தில் ஏறாத ஆட்சேபணைக்குக் கோப்பில் இடமில்லை என்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.