குழாயில் போன வில்லைகள்

சில வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சிறு காட்சியைக் கண்டேன். இரவு படுக்கப் போகுமுன் அவள் தன் இரு கண்களிலும் இருந்த தொடுவில்லைகளை, அதாவது கொன்டாக்ட் லென்சுகளை, விரல் நுனியால் கழற்றி முகம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

"என்ன பிள்ளை, அதைத் தண்ணியோடை விடுறாய்?" என்று கேட்டேன்.

"மெல்லிய சாமான்தானே அப்பா, கரைஞ்சு போயிடும்" என்றாள்.

கரையுமா என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஓய்வு பெற்ற பின்னரும் பத்திரிகைத் தொழில் மனிதனை இலேசில் விடுவதில்லை.

இன்று குழாயில் போகும் இந்தப் பொருள் ஒரு காலத்தில் எவ்வளவு அருமையாகப் பேணப்பட்டது என்பதை முதலில் சொல்லவேண்டும். 1888 இல் சூரிச் நகரில் பணியாற்றிய ஜெர்மானியக் கண் மருத்துவர் அடோல்ஃப் ஃபிக், கண்ணாடியாலான வில்லைகளை முயல்களின் கண்களிலும் பின்னர் தமது கண்ணிலும் பொருத்திப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். கண்ணின் வெண்பகுதியையும் மூடிய அந்தக் கனத்த வில்லைகளைச் சில மணிநேரத்துக்குமேல் எவராலும் தாங்க முடியவில்லை. 1948 இல் அமெரிக்கரான கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடும் கடினப் பிளாஸ்ரிக் வில்லையை உருவாக்கினார். அதுவும் உறுத்தியது.

மென்மையான வில்லையைத் தந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டர்லே. நாஜிகளின் ஆட்சியில் கெஸ்டாப்போவால் 1942 இல் சிறைபிடிக்கப்பட்டவர் அவர். பின்னர் வந்த கம்யூனிச ஆட்சியிலும் நிம்மதியாக இருக்கவிடப்படவில்லை. 1958 இல் அரசியல் காரணங்களுக்காகப் பிராக் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவரும் டிராகோஸ்லாவ் லீமும் சேர்ந்து உருவாக்கிய, நீரை உறிஞ்சி மென்மையாகும் பிளாஸ்ரிக் பற்றிய கட்டுரை 1960 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆனால் அதை ஓரம் கிழியாத வில்லையாக வார்ப்பதற்கு எவருக்கும் வழி தெரியவில்லை. 1961 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் விக்டர்லே தமது வீட்டு மேசையில், பிள்ளைகளின் 'மெர்க்கூர்' விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோ ஒன்றையும் பொருத்தி, சுழலும் அச்சில் திரவத்தை வார்க்கும் கருவியொன்றைச் செய்தார். அன்று பிற்பகல் நான்கு வில்லைகள் பிறந்தன. அதன்பின் நான்கே மாதங்களில் அவரும் மனைவி லிண்டாவும் 5,500 வில்லைகள்வரை செய்து முடித்தனர் என்பது வியப்புக்குரியது.

காப்புரிமையை அரசு அமெரிக்கருக்கு விற்றது. 1971 இல் போஷ் அன்ட் லோம் நிறுவனத்தின் மென்வில்லைக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. பெருஞ்செல்வம் அங்கே குவிந்தது; கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பம்.

அந்த நாட்களில் ஒரு சோடி வில்லையை வருடக் கணக்கில் பாவித்தனர். இரவில் உப்பு நீரிலிட்டுச் சூடாக்கிக் கிருமி நீக்கி, காலையில் மீண்டும் அணிந்தனர். ஒன்று தொலைந்தால் வீடே நிலத்தில் தவழ்ந்து தேடும். 1987 இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம், டென்மார்க்கில் பிறந்த வார்ப்பு முறையொன்றைக் கொண்டு, சில நாட்கள் அணிந்தபின் எறிந்துவிடும் வில்லையை அறிமுகப்படுத்தியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரே நாளில் எறியும் வில்லை வந்தது. கண்ணுக்கு இது நன்மையே. ஒவ்வொரு நாளும் புதிய வில்லை அணிபவருக்கு அழுக்குப் படிவும், சரியாகக் கழுவாத பெட்டியால் வரும் கிருமித் தொற்றும் குறைவு. ஆகவே பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளாந்த வில்லை அணியும் ஒருவர் வருடத்தில் 730 வில்லைகளை எறிகிறார். அவற்றோடு 730 சிறு பிளாஸ்ரிக் கிண்ணங்கள், 730 மூடிப் படலங்கள். எடையில் வில்லையைவிடப் பொதியே பலமடங்கு அதிகம்.

மகளின் கேள்விக்கான விடை 2018 ஓகஸ்டில் பொஸ்டன் நகரில் நடந்த அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் வெளிவந்திருந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோல்ஃப் ஹால்டனும் சார்ல்ஸ் ரோல்ஸ்கி, வருண் கேல்கர் ஆகியோரும் செய்த ஆய்வு அது. தாமே வில்லை அணிந்தவரான ஹால்டனுக்கும் என் மனதில் எழுந்த ஐயமே எழுந்திருக்கிறது. வில்லை அணிவோரில் 15 முதல் 20 சதவீதமானோர் அவற்றைத் தொட்டியிலோ மலசலகூடத்திலோ விடுவதாக அவர்கள் கண்டனர். அமெரிக்காவில் மட்டும் இவ்வாறு வருடத்துக்கு 20 தொன்னுக்குக் குறையாத பிளாஸ்ரிக் கழிவுநீரில் சேர்கிறது. அது கரைவதில்லை. நுண்ணுயிர்கள் அதை வலுவிழக்கச் செய்ய, சிறு துணுக்குகளாக உடைகிறது. நீரைவிடக் கனமானதால் அடியில் தங்கிக் கழிவுச் சேற்றோடு கலக்கிறது. அந்தச் சேறு பல இடங்களில் வயலுக்குப் பசளையாகப் போடப்படுகிறது.

குழாயில் விடாமல் குப்பையில் போடுவதே குறைந்தபட்சப் பொறுப்பு. நகரசபையின் மீள்சுழற்சித் தொட்டியில் கிண்ணங்களைப் போட்டாற் போதாதா என்று கேட்பீர்கள். கிண்ணம் பொலிபுரொப்பிலீன், மீள்சுழற்சிக்கு ஏற்ற பொருள்தான். ஆயினும் தரம்பிரிக்கும் இயந்திரத்தின் சல்லடை இடைவெளிகளால் அது நழுவிக் குப்பையோடு போய்விடுகிறது. காகிதப் பெட்டிக்கு மட்டும் அந்தத் தொட்டி உதவும். இதனாலேயே 2016 இல் போஷ் அன்ட் லோம், டெரசைக்கிள் நிறுவனத்துடன் சேர்ந்து கண் பரிசோதனை நிலையங்களில் சேகரிப்புப் பெட்டிகளை வைத்தது. எந்தக் கொம்பனியின் வில்லையையும் போடலாம். உலோகப் படலம் தனியே உருக்கப்படுகிறது. பிளாஸ்ரிக் மணிகளாகி வாங்குகளும் மேசைகளுமாகிறது. 2019 இல் பிரித்தானியாவிலும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கியது.

2021 இல் கூப்பர்விஷன் வேறு வழியில் சென்றது. தான் விற்கும் வில்லையின் பிளாஸ்ரிக் எடைக்குச் சமமான கழிவைக் கடலோர ஊர்களில் சேகரிக்கப் பணம் கொடுப்பதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். எனினும் ரொறன்ரோத் தொட்டியில் போன வில்லை எங்கோ ஒரு கரையில் பொறுக்கிய போத்தலால் திரும்பி வந்துவிடாது என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை நான் போனபோது குளியலறை யன்னலில் இரண்டு ஜாம் போத்தல்கள் இருந்தன. ஒன்றில் ஈரம் உலர்த்திய கிண்ணங்களும் வில்லைகளும், மற்றதில் உரித்தெடுத்த படலங்கள்.

"எனக்கு நேரமில்லை, நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும் அப்பா" என்றாள்.

கண்ணாடிக் கடை இரண்டு பஸ் தரிப்பிடத் தூரம். பனி பெய்துகொண்டிருந்தது. அங்கிருந்த பெண் புன்னகையோடு வாங்கி, நாங்கள் அத்தனை கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு போத்தல்களையும் ஒரே பெட்டிக்குள் கொட்டினாள். தொழிற்சாலையில் மீண்டும் பிரிப்பார்களாம்.