ஜமக்காளம் குடித்த சத்தம்

எங்கள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு ஒற்றைச் செங்கல் சுவர்தான். குமாரபாளையத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. பரீட்சை நாள்களில் அம்மாயி அந்தச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஆற்றுக்கு அக்கரையில் பவானியில் வாங்கிய ஜமக்காளத்தைத் தொங்கவிடுவார். "துணி சத்தத்தக் குடிச்சுக்கும் சாமி, நீ படி."

அம்மாயி சொன்னது பாதி உண்மை என்பது காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் கட்டி முடித்தார்கள். உள்ளே பேசினால் ஒன்றும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். மெத்தை இல்லாதபோது 5.5 விநாடிக்கு மேல். கூடம் முழுக்க அடுக்கியபோது ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். கட்டட ஒலியியல் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது.

ஆனால் துணி குடிப்பது எதிரொலியைத்தான். சுவரைத் தாண்டி வரும் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், பொத்தல் இல்லாத தடித்த சுவர் வேண்டும். சினிமா பேச ஆரம்பித்தபோது இரண்டுமே தேவைப்பட்டன. உலகெங்கும் ஸ்டூடியோக்காரர்கள் கனத்த திரைகளையும் கம்பளிகளையும் தொங்கவிட்டார்கள். இரைச்சல் போட்ட கேமராவுக்கே ரஜாய் போர்த்தினார்கள். எங்கள் பக்கத்தில் 1935இல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர். அவர் இங்கிலாந்தின் லீட்ஸில் படித்தது சினிமா அல்ல, துணித் தொழில்நுட்பம்! துணி படித்தவர் 'சைலன்ஸ்' கேட்கும் தொழிலுக்கு வந்தார் என்பது எனக்கு ஏனோ பிடித்த விஷயம்.

அவருடைய ஊரைச் சுற்றி மெல்ல மெல்லக் கைத்தறி போய் விசைத்தறி வந்தது. நாடாவை ஒரு பக்கம் அடித்துத் தள்ளி, மறுபக்கம் மோதி நிறுத்த வேண்டும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். சத்தம் 90 டெசிபலை எளிதாகத் தாண்டும். இரைச்சலால் வரும் காது மந்தம், தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இருந்தது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. சரி, பட்டறைக்குள்ளேயே ஜமக்காளம் தொங்கவிட்டிருந்தால்? தறி ஓட்டுகிறவரின் காதிலிருந்து மூன்றடியில் சத்தம் பிறக்கிறது. எதிரொலியைக் குடித்து அவருக்கு என்ன லாபம். பஞ்சுத்தூசி வேறு படிந்து, தீப்பொறி பட்டால் அவ்வளவுதான்.

அப்பா முப்பது வருஷம் அதில் நின்றார். முதலில் போனது மெல்லிய, உச்ச ஒலிகள்: ச, ஸ, குழந்தைகளின் குரல். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தறிக்குள்ள எனக்கு எல்லாம் கேக்குது. வெளிய வந்தாத்தான் நீங்கெல்லாம் முணுமுணுக்கறீங்க." பட்டறைக்குள் அவர் காதால் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார் என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

இப்போது தறியை விற்றுவிட்டு நாமக்கல்லில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா டிவியில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போட்டால் தெருமுனை வரை கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா, பையனுக்குப் பரீட்சை என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். நிற்காது என்று தெரிந்தும், பழைய ஜமக்காளத்தை எடுத்து எங்கள் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். "எதுக்குடா அது?" என்று கேட்டார் அப்பா. அவர் பார்க்கும்படி திரும்பி நின்று, உதட்டை நிதானமாக அசைத்து, "அழகுக்குப்பா" என்றேன்.