கண்டவர் எழுதும் செய்தி: தன்னிலையும் நடுநிலையும்

ஊதியமின்றிச் செய்தி எழுதும் குடிமக்கள் செய்தியாளரிடம் இரண்டு விதிகளை ஒருசேர வைக்கிறோம். நேரில் கண்டதை எழுத வேண்டும். நடுநிலை தவறக் கூடாது. தேநீர்க் கடையில் தனிக்குவளையில் தேநீர் பெற்றவரே அதைச் செய்தியாக்க முன்வரும்போது இவ்விரு விதிகளும் முட்டிக்கொள்கின்றன. அவர் பாதிக்கப்பட்டவர், ஆகவே சார்புடையவர் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அக்கடையில் எந்தக் குவளை யாருக்கு என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

இச்சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொண்ட இரு முயற்சிகளை நாம் நோக்கலாம். 2004இல் தொடங்கப்பட்ட விக்கிசெய்தி முதலாவது. விக்கிப்பீடியா சொந்த ஆய்வை ஏற்பதில்லை. விக்கிசெய்தியோ தன்னார்வலர் தாமே திரட்டிய செய்தியை ஏற்றது. எனினும் நடுநிலை விதியை அது கைவிடவில்லை. செய்தி படர்க்கையில் அமைந்தது. எங்கு நின்று, எப்போது, யாரிடம் கேட்டோம் என்னும் குறிப்புகள் உரையாடல் பக்கத்தில் இடப்பட்டன. எழுதியவரல்லாத மற்றொருவர் அவற்றைச் சரிபார்த்தார். ‘நான்’ என்பது செய்தியிலிருந்து விலகி, குறிப்பேட்டில் தங்கிவிட்டது.

சத்தீஸ்கரில் 2010இல் இதழாளர் சுப்ரான்சு சவுத்ரி தொடங்கிய சிஜிநெட் சுவரா வேறு வழியில் சென்றது. எழுதத் தெரியாதவரும் கைபேசியில் அழைத்துத் தம் ஊரின் குறையைத் தம் குரலிலேயே பதிவு செய்யலாம். பொறுப்பாளர்கள் சரிபார்த்தபின் அது பொதுவில் ஒலிக்கும். பலர் இறுதியில் உரிய அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சொல்வர். கேட்போர் அழைத்து வினவுவர். இங்கே ‘நான்’ மறைக்கப்படவில்லை. சொல்பவரின் பெயரும் ஊரும் வெளிப்படையாக இருப்பதே கேட்பவருக்கு அளவுகோலாயிற்று. சாதிக்கொடுமை பற்றிய செய்திக்கு இவ்வழியே பொருத்தமானது என்பது நம் கருத்து. ஆனால் விக்கிசெய்தியின் குறிப்பேட்டு ஒழுங்கையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுநிலையின் பெயரால் நாளிதழ்களில் வழங்கும் சில தொடர்களை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்பது அவற்றுள் முதன்மையானது. ஒரு தரப்பு வீடு புகுந்து தாக்க, மறுதரப்பு ஓடி ஒளிந்ததை மோதல் என்பது நடுநிலையன்று, பிழையான செய்தி. ‘மாற்றுச் சமூகத்தினர்’ என்னும் தொடரும் அத்தகையதே. தாக்குண்டவரின் சாதி தலைப்பிலேயே இருக்கும், தாக்கியவருடையது மட்டும் மூடப்பட்டிருக்கும். செயப்பாட்டு வினையும் இதற்குத் துணைபோகிறது. ‘குடிசைகள் எரிக்கப்பட்டன’ என்றால் எரித்தவர் எங்கே? எரித்தவரை அறியாத நிலையில், ‘எரித்தவர்களை நாம் காணவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. சொல்லைத் தேர்வதிலும் அரசியல் உண்டு: 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ‘தலித்’ என்பதைத் தவிர்த்துப் ‘பட்டியல் சாதியினர்’ என வழங்குமாறு தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள் என்று மக்களிடமே கேட்டு அப்பெயரை எழுதுவது நம் வழக்கம்.

எதிர்த்தரப்பைக் கேட்பது பாதி இடத்தை அவருக்கு ஒதுக்குவதாகாது. குற்றச்சாட்டை அவரிடம் தெளிவாகச் சொல்லி, மறுமொழியைத் திரிக்காமல் பதிய வேண்டும். பேச மறுத்தால் அதையும் எழுத வேண்டும். தாக்கியவரின் தெருவுக்குத் தன்னார்வலர் தனியே செல்ல வேண்டியதில்லை. தொலைபேசி போதும், உடன் ஒருவர் இருப்பது நலம்.

பாலியல் குற்றத்திற்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும், குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடுக்கின்றன. பெயரை மட்டும் நீக்கினால் போதாது. சிற்றூரில் தெருவும் தந்தையின் தொழிலும் குறித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதுவதே தன்னிலைச் செய்தியின் கடினமான பகுதி. நாம் சென்றடைந்தபோது கண்ணாடித் துண்டுகள் கிடந்தன என்பது கண்டது; கல்லெறிந்தவர் இன்னார் என்பது கேட்டது. சினம் மிகும்போது இவ்வெல்லை அழிந்துவிடுகிறது. அதன் விலையை எழுதியவர் மட்டும் செலுத்துவதில்லை. கண்டவரே வழக்கில் சாட்சியாகவும் நிற்க நேரிடும். அப்போது அவர் முன்பு எழுதியதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்து நீட்டலாம். கட்டுரையில் ஐம்பது பேர் வந்தனர் என்றும், காவல் நிலைய வாக்குமூலத்தில் பதினைந்து பேர் என்றும் இருந்தால், வந்தவர்கள் எவரையும் அவர் காணவில்லை என்றே வாதிடுவர். ஆகவே எண்ணிக்கை தெரியாதபோது அதை எழுத வேண்டா. நின்ற இடம், நேரம், வெளிச்சம், அடையாளம் தெரிந்த முகங்கள் ஆகியவற்றை அன்றிரவே தேதியிட்டுக் குறித்து வைக்க வேண்டும். செய்தி மறுநாள் வரட்டும்.