கோவை டூ கோலிவுட்: ஹிப்ஹாப் தமிழா வளர்ந்தது எப்படி?

தமிழில் ஒரு பாட்டு ஹிட் ஆகணும்னா அது படத்தில் வரணும். ரொம்ப காலமாக இதுதான் நிலைமை. அதை அசைத்துப் பார்த்தவர்கள் ஹிப்ஹாப் தமிழா.

யார் இவங்க?
கோவையைச் சேர்ந்த ஆதியும் நண்பர் ஜீவாவும் சேர்ந்த இருவர் குழு. கல்லூரி வயதிலேயே ராப் பாட்டு எழுதி இணையத்தில் வெளியிட்டவர் ஆதி.

திருப்புமுனை எது?
2011-ல் ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் வைரலானது. பெண்களை மட்டம் தட்டுவதாக விமர்சனமும் வந்தது. 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம்.

தமிழ் ராப் இவங்க தொடங்கியதா?
இல்லை. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006-லேயே வந்துவிட்டது.

சினிமா எப்போ?
2013-ல் அனிருத் இசையில் ‘எதிர்நீச்சல்’ பாடல். 2015 பொங்கலுக்கு வந்த ‘ஆம்பள’ இசையமைப்பாளர்களாக முதல் படம். அதே ஆண்டு ‘தனி ஒருவன்’ பெரிய ஹிட்.

2017 ஏன் முக்கியம்?
ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ‘டக்கரு டக்கரு’. படம் இல்லாத தனிப்பாடல். ஜூலையில் ஆதி இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’. இசைக்காக அப்பாவிடம் ஒரு வருடம் அவகாசம் கேட்கும் இன்ஜினியரிங் மாணவனின் கதை. ஆதியின் வாழ்க்கையைத் தழுவியது.

இதில் என்ன பாடம்?
கதவைத் திறந்தது இணையம். வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது சினிமா. இன்று தாராபுரத்தில் செல்போனில் பாட்டு பதிவு செய்யும் மாணவருக்கு முதல் பாதி எளிது. இரண்டாவது பாதிதான் இன்னும் கஷ்டம்.