ஒரு குழந்தை, ஆறு அலுவலகங்கள்: புதுச்சேரியில் சிறப்புக் கல்வியும் தலித் குடும்பங்களும்

புதுச்சேரி–கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தை அடுத்து வரும் நோணாங்குப்பத்தை, சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்காகவே பலரும் அறிவர். அவ்வூரின் பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றில் செவித்திறன் குறைந்த நான்கு வயதுச் சிறுமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் செல்லும் அங்கன்வாடி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையைச் சேர்ந்தது. அங்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகைக்குச் சமூக நலத்துறையை நாட வேண்டும். பள்ளியும் சிறப்பாசிரியரும் கல்வித்துறையின் பொறுப்பு. சாதிச் சான்றிதழுக்கு வருவாய்த்துறை. பட்டியல் சாதி மாணவர்க்கான கல்வி உதவிகளுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை. ஆறு அலுவலகங்களும் தத்தம் பணியைச் செய்துகொண்டிருக்கலாம். ஆயினும் அங்கன்வாடிப் பணியாளர் கவனித்தது தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரைச் சென்றடையாவிட்டால், மொழி கைவரும் வயதை அச்சிறுமி பேச்சோ சைகை மொழியோ இன்றிக் கடந்துவிடுவாள். அந்த இழப்பைப் பின்னர் எந்த உதவித்தொகையாலும் ஈடுசெய்ய இயலாது.

சிறப்புக் கல்வியை வழிநடத்துவோர் கூடிப் பணியாற்ற வேண்டும் என்று கருத்தரங்குகளில் கூறும்போது, அது நல்லெண்ணம் சார்ந்த வேண்டுகோளாகவே ஒலிக்கிறது. உண்மையில் அது சட்டக் கடமை. அந்தக் கடமை எங்கெங்கே எழுதப்பட்டுள்ளது என்பதைத் தலித் இயக்கங்களும் மாணவர்களும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 16ஆவது பிரிவு பள்ளிகளின் கடமைகளை வரையறுக்கிறது: பாகுபாடின்றிச் சேர்த்தல், தனிப்பட்ட ஆதரவு வழங்கல், கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணித்தல், போக்குவரத்து வசதி. 17ஆவது பிரிவு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளைக் கணக்கெடுத்து அவர்களின் சிறப்புத் தேவைகளை அறியச் சொல்கிறது. முதல் கணக்கெடுப்பு சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டாண்டுகளுக்குள், அதாவது 2019க்குள் முடிந்திருக்க வேண்டும். சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிப்பதும், வள மையங்களை அமைப்பதும் இதே பிரிவில்தான் வருகின்றன. நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை 31ஆவது பிரிவு உறுதிசெய்கிறது.

ஒருங்கிணைப்புக்கான அமைப்புகளையும் இச்சட்டமே தருகிறது. பல துறைச் செயலாளர்கள் இடம்பெறும் மாநில ஆலோசனை வாரியத்தை 66ஆவது பிரிவும், மாவட்டக் குழுவை 72ஆவது பிரிவும் கோருகின்றன. வாரியத்துக்கு நியமிக்கப்படும் பத்து மாற்றுத்திறனாளிப் பிரதிநிதிகளில் குறைந்தது ஐவர் பெண்களாகவும், பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். தலித் இயக்கங்களின் கோரிக்கை மனுக்களில் இந்த இருக்கையைப் பற்றிய வரியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதை நாம் போராடியே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பல இடங்களில் இன்றும் அப்போராட்டம் தொடர்கிறது. அதே விழிப்பு இக்குழுக்களின் மீதும் வேண்டும்.

இதைத் தலித் பிரச்சினை என்று ஏன் கொள்ள வேண்டும்? 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. 5 முதல் 19 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பள்ளி வாசலையே மிதித்திருக்கவில்லை. புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காட்டினர். சாதிப் புள்ளிவிவரமும் மாற்றுத்திறன் புள்ளிவிவரமும் பெரும்பாலும் தனித்தனி அட்டவணைகளிலேயே வெளிவருவதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் குழந்தை கண்ணில் படுவதில்லை. அக்குழந்தைக்கு இரு சான்றிதழ்கள் தேவை. இரு சான்றிதழ் என்றால் பெற்றோருக்குப் பல நாள் கூலி இழப்பு. நிபுணர் பரிசோதனைக்கு ஜிப்மருக்கு அனுப்பப்பட்டால், நகரத்தின் தென்புறமிருந்து வடமேற்கிலுள்ள கோரிமேடு வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்ல வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கடலூர் மாவட்டத்திலிருந்து குடிபெயர்ந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள் ‘பூர்வீகம்’ என்ற அளவுகோலால் நெடுங்காலம் சலுகைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் ‘குடியிருப்போர்’ என்ற சொல்லே உள்ளது, அதைப் பூர்வீகம் என அரசு சுருக்க இயலாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லையோர ஊர்களில் பணியாற்றுவோர் இத்தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சிறப்பாசிரியர் பணியிடங்கள் குறித்து ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கே அடித்தளம். தொடக்கநிலையில் பத்து மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படும் வரை ஒரு தொகுப்பிலுள்ள பல பள்ளிகளுக்குச் சென்றுவரும் ஆசிரியர்களை இடைக்கால ஏற்பாடாக அனுமதித்தது. இடைக்காலம் என்ற சொல்லை நிர்வாகங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில், பணியிட எண்ணிக்கையை மார்ச் 28க்குள் அறிவிக்கை செய்யுமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. வாரத்தில் ஓரிரு முறை வந்துபோகும் ஆசிரியர், வகுப்பாசிரியருடன் அமர்ந்து ஒரு குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டத்தைத் தீட்ட எங்கிருந்து நேரம் பெறுவார்? ஆட்களே இல்லாத இடத்தில் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

2023-24 முதல் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறியிருப்பதும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் அவ்வாரியத்தில் உண்டு. ஆனால் அவற்றை மாற்றுத்திறன் சான்றுடன் பள்ளியின் வழியாகப் பெற வேண்டும். சான்று தாமதமானால் சலுகையும் தவறிப்போகும். மருத்துவமனையும் பள்ளியும் பேசிக்கொள்ளாததன் விலையை மாணவர் தேர்வு அறையில் செலுத்துகிறார்.

தன்னார்வ நிறுவனங்களின் அனுபவத்தைப் புறக்கணிக்க இயலாது. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், புதுச்சேரியில் 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்றவற்றிடம் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு. அவற்றைக் காட்டி அரசு தன் கடமையைக் கைகழுவுவது மட்டும் ஏற்கத்தக்கதன்று.

நம் கைக்கு மிக அருகில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தையும் பட்டியல் சாதிக் குழந்தையோடு அப்பிரிவில் சேர்கிறது. ஆக, நோணாங்குப்பத்துச் சிறுமியின் தாய் இரு வகையிலும் அங்கே அமரத் தகுதியுடையவர். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது இக்குழுதான். சாய்தளமும் சிறப்பாசிரியர் வருகை நாளும் அத்திட்டத்தில் வரியாக இடம்பெற்றால், பின்னர் அவற்றைக் கேட்க ஆவணம் கிடைக்கும்.

ஒரே செயலுக்கு இரு சட்டங்கள் பொருந்தும் சூழலும் உண்டு. பொதுப் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளி மாணவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இழிவு சாதியையும் தொட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1) சேர்கிறது. புகார் எழுதும்போது இரண்டையும் குறிப்பிட வேண்டும். காவல் நிலையம் ஒன்றை மட்டும் பதிவதைப் பார்க்கிறோம்.

தகவல் உரிமை மனு எழுத விரும்பும் மாணவர்கள் கல்வித்துறைக்கும் சமூக நலத்துறைக்கும் தனித்தனியே அனுப்பலாம். 17ஆவது பிரிவின் கணக்கெடுப்பு எந்தெந்த ஆண்டுகளில் நடந்தது. 2025 ஆணையின்படி அறிவிக்கை செய்யப்பட்ட சிறப்பாசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. அரியாங்குப்பம் கொம்யூன் அரசுப் பள்ளிகளில் பயிலும் மாற்றுத்திறன் மாணவர்களில் பட்டியல் சாதியினர் எவ்வளவு பேர். ஆலோசனை வாரியமும் மாவட்டக் குழுவும் கடைசியாகக் கூடிய நாள்கள், கூட்டக் குறிப்புகளின் நகல். இரு துறைகளின் பதில்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்கள் எங்கே முரண்படுகின்றனவோ, அடுத்த மனுவை அங்கிருந்து எழுதலாம்.