விண்கல்லும் உயிர்ச்சான்றும்

உயிர் இப்புவிக்கு மட்டுமே உரியதோ என்னும் வினாவிற்கு விடை நாடி அறிஞர் ஆராய்ந்த பொருள்களுள் விண்கல்லும் ஒன்று. அவ்வாராய்ச்சி வரலாற்றை நோக்குமிடத்து, கல்லினுள் யாது உளது என்பதினும், அஃது அங்கு எவ்வாறு புகுந்தது என்பதே முதன்மையான வினாவாக விளங்கியமை புலனாகும்.

1864 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள் பிரான்சு தேசத்து ஓர்கேய் என்னும் ஊரிலே விண்கற்கள் வீழ்ந்தன. நுண்ணுயிர்ச் சுவடுகளை ஒத்த உருவங்களை அவற்றிற் கண்டதாக 1961 இல் குளோசு, நாகி என்போர் அறிவித்தனர். அவற்றுட் சில புவியின் மகரந்தத் துகள்களே என மறுப்பெழுந்தது. வேறொரு துண்டில் வித்துக்களும் நிலக்கரித் துணுக்குகளும் பசையிட்டுச் செருகப்பட்டிருந்தமையை 1964 இல் அண்டர்சு குழுவினர் வெளிப்படுத்தினர்.

இவ்வரலாற்றில் இலங்கையர் இருவர்க்கும் இடமுண்டு. காலியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம்பெற்ற சிரில் பொன்னம்பெரும அவர்கள், 1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த கல்லைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து, அதில் அமினோ அமிலங்கள் உளவென 1970 இல் நிறுவினார். புவியுயிர்களின் புரதங்களில் இடக்கை வடிவ அமினோ அமிலங்களே அமைந்துள்ளன. அக்கல்லிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே அவை புவியினின்று ஒட்டியனவல்ல, உயிரால் ஆக்கப்பட்டனவுமல்ல, விண்வெளியில் இரசாயன முறையால் விளைந்தவை என அவர் முடிவுசெய்தார்.

2012 டிசம்பர் 29 ஆம் நாள் பொலன்னறுவைப் பகுதியில் தீக்கோளம் ஒன்று தோன்றியதன் பின்னர், அரலகங்விலவிற் கற்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் தயற்றம் என்னும் நுண்பாசியின் சுவடுகள் உளவெனப் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் 2013 இல் அறிவித்தனர். அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். அக்கற்கள் விண்கற்கள்தாமோ என்பதே ஐயத்துக்கு இடமாயிற்று. அன்றியும், தயற்றம் நம் உடையார்கட்டுக் குளம் போன்ற நன்னீர் நிலைகளெங்கும் வாழ்வது. நிலத்திற் கிடந்த கல்லினுள் நீரோடு எளிதிற் புகவல்லது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும்பொருட்டே, பெனு என்னும் சிறுகோளின் மண், புவிக்காற்றுப் படாவண்ணம் பேழையில் அடைக்கப்பட்டு 2023 இற் கொணரப்பட்டது. அதில் புரதத்துக்குரிய அமினோ அமிலங்கள் பதினான்கு உளவென்று 2025 இல் அறிவிக்கப்பட்டது; எனினும் உயிரின் சான்று கிட்டியதாக எவரும் கூறிற்றிலர். உயிரின் மூலப்பொருள் வேறு, உயிர் வேறு என்னும் இவ்வேறுபாட்டைப் பேணியமையே பொன்னம்பெரும அவர்களின் ஆய்வுக்கு நிலைபேறு அளித்தது.