ஸ்ரீகாந்த், கிருஷ்ணமாச்சாரி

பந்தை ஓங்கி அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரரைக் கொண்டாடும் பழக்கம் அமெரிக்க பேஸ்பாலில் நூறாண்டுப் பழையது. அங்கே பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்தார். 1,330 முறை பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட்டும் ஆனார். இரண்டாவது எண் முதலாவதற்குக் கொடுத்த விலை என்று அந்த ஊர் ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் அந்த வகை ஆட்டத்துக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். ரசிகர்களுக்கு அவர் 'சீக்கா'.

1959 டிசம்பர் 21 அன்று சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தவர். 1981 நவம்பரில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, 25ஆம் தேதி அகமதாபாத்தில் முதல் ஒருநாள் போட்டி, 27ஆம் தேதி பம்பாயில் முதல் டெஸ்ட் என்று இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு அரங்கேற்றமும் முடிந்தன. அந்த டெஸ்ட்டில் பந்தைத் தடுத்துவிட்டு, ஏதோ நினைவில் கோட்டைத் தாண்டி நடந்துபோனார். ஜான் எம்புரி பந்தை எடுத்து ஸ்டம்பில் அடிக்க, ரன் அவுட். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு லெக் பக்கம் நடப்பது, சூரியனை அண்ணாந்து பார்ப்பது, மூக்கை உறிஞ்சுவது, மட்டையைச் சுழற்றுவது என்று அவருக்கே உரிய பழக்கங்கள் கடைசிவரை மாறவில்லை.

அன்றைக்குத் தொடக்க ஆட்டக்காரரின் வேலை புதுப்பந்தின் பளபளப்பைப் போக்குவது. கட்டை போட்டு நிற்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு மற்றவர்கள் அடிப்பார்கள். மறுமுனையில் நின்ற சுனில் கவாஸ்கர் அந்தக் கலையின் உச்சம். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே முதல் ஓவரிலிருந்து அடிக்கலாம் என்று காட்டியதுதான் ஸ்ரீகாந்த் செய்த மாற்றம்.

1983 ஜூன் 25, லார்ட்ஸ். உலகக் கோப்பை இறுதி. எதிரே வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். அணியின் எண்ணிக்கை 2 ஆக இருந்தபோதே கவாஸ்கர் வெளியேறிவிட்டார். யாராக இருந்தாலும் ஒதுங்கி ஆடும் நேரம் அது. ஸ்ரீகாந்த், ராபர்ட்ஸின் பந்தை ஹூக் செய்து எல்லைக்கு மேலே அனுப்பினார். பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அடித்த ஸ்கொயர் டிரைவ், அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்லும் அடி. எடுத்தது 38 ரன்தான். ஆனால் இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் விவியன் ரிச்சர்ட்ஸ் உட்பட வேறு எவரும் அந்த 38ஐத் தொடவில்லை.

மெல்பர்னில் 1985 மார்ச் 10 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதியில் 67 ரன், ஆட்ட நாயகன். 1986 தொடக்கத்தில் சிட்னி டெஸ்ட்டில் 116. அந்த இன்னிங்ஸில் கவாஸ்கரும் அவரும் முதல் விக்கெட்டுக்கு 191 சேர்த்தார்கள்.

சேப்பாக்கம் அவருக்குச் சொந்த வீடு. 1987 பிப்ரவரியில் அங்கே பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 123 அவருடைய டெஸ்ட் ஆட்டங்களிலேயே அதிகம். அதே மாதம் கல்கத்தா ஒருநாள் போட்டியிலும் 123. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களுக்குச் சேப்பாக்க ஆட்டங்கள் பெரும்பாலும் வானொலி வழியாகவே வந்தன. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி ஆகியோரின் தமிழ் வர்ணனையில் ஸ்ரீகாந்தின் அடிகளைப் பார்க்காமலே பார்த்தவர்கள் அங்கே ஒரு தலைமுறை.

அந்தத் தலைமுறைக்கு இன்னும் வலிக்கும் நாள் 1987 அக்டோபர் 9. சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலியாவின் 268, டீன் ஜோன்ஸின் ஒரு பவுண்டரி சிக்ஸர் என்று திருத்தப்பட்டதால் 270 ஆனது. ஸ்ரீகாந்த் 70, சித்து 73 அடித்தும் இந்தியா 269இல் நின்றது. ஒரு ரன்னில் தோல்வி. அக்டோபர் 31 அன்று நாக்பூரில், பிரிவில் முதலிடம் பிடிக்க நியூசிலாந்தின் 221ஐ வேகமாகத் தாண்ட வேண்டியிருந்தது. ஸ்ரீகாந்த் 58 பந்தில் 75. கவாஸ்கர் தன் ஒரே ஒருநாள் சதத்தை அன்று அடித்தார். 32.1 ஓவரில் வேலை முடிந்தது. கட்டை போடுவதில் மன்னரான கவாஸ்கரும் சேர்ந்து விளாசிய அந்த நாளைத்தான் ஸ்ரீகாந்தின் பெரிய வெற்றியாகக் கொள்ள வேண்டும்.

சுழற்பந்தும் போடுவார். 1988 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 70 ரன்னும் 27 ரன்னுக்கு 5 விக்கெட்டும் எடுத்தார்.

1989இல் அணித்தலைவராகப் பாகிஸ்தான் சென்றார். பதினாறு வயது சச்சின் டெண்டுல்கர் அறிமுகமான தொடர் அது. இம்ரான் கான், வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் இருந்த அணியை அவர்கள் மண்ணிலேயே எதிர்கொண்டு நான்கு டெஸ்ட்டையும் டிரா செய்தார்கள். ஆனால் அவர் மட்டை பேசவில்லை. ஊர் திரும்பியதும் தலைமையும் போனது, அணியில் இடமும் போனது. டெஸ்ட்டில் தோற்காமல் திரும்பிய தலைவருக்குச் செய்த நியாயமில்லை அது.

1991இல் மீண்டும் அழைத்தார்கள். 1992 பிப்ரவரியில் பெர்த்தில் ஆடிய கடைசி டெஸ்ட்டில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார்.

43 டெஸ்ட்டில் 2,062 ரன். 146 ஒருநாள் போட்டிகளில் 4,091 ரன், நான்கு சதம். விலகியபோது ஒருநாள் போட்டிகளில் அதிக ரன் எடுத்த இந்தியர் அவரே. இரண்டிலும் சராசரி முப்பதைத் தொடவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. முதல் 15 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள் மட்டுமே நிற்கலாம் என்ற விதி, உலகக் கோப்பைக்கு 1992இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்தி நியூசிலாந்தின் கிரேட்பேட்ச் அந்த ஆண்டும், இலங்கையின் ஜெயசூர்யா 1996இலும் அடித்தார்கள். ஸ்ரீகாந்தோ அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லாத காலத்திலேயே அதைச் செய்தவர். சராசரி அவரை அளக்கும் கோல் அல்ல.

2008 முதல் 2012 வரை தேர்வுக் குழுத் தலைவராக இருந்தார். 2011 உலகக் கோப்பையை வென்ற அணி அவர் குழு தேர்ந்தெடுத்தது. பிறகு தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனையாளரானார். வானொலியில் யாரோ வர்ணிக்கத் தன் ஆட்டத்தைக் கேட்ட ஊர்களுக்கு, இப்போது அவரே மெட்ராஸ் பேச்சில் அடுத்தவர் அடிகளைச் சொல்கிறார்.